ஒரு மடக்குப் பால்

தண்ணீர் கொடுக்கலாம். கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்தால் இன்னும் போகும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், கேட்காதே. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், ஒரு நேரத்தில் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம், ஆனால் அடிக்கடி. பால் வேண்டாம். அரிசிக் கஞ்சியைத் தெளிவாக வடித்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் வை. குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார். ஈறு வெளுத்திருந்தாலோ, கழிச்சலில் ரத்தம் தெரிந்தாலோ, தண்ணீரையும் வாந்தி எடுத்தாலோ ஒரு வேளைகூடக் காத்திருக்காமல் உடுமலைக்கு பஸ் ஏறி மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. அப்புறம் ஒன்று. அதன் பின்பக்கத்தில் நூலோ நாரோ துணிக் கிழிசலோ தொங்கினால் இழுக்காதே, கண்ணு. வசந்தாவையும் இழுக்க விடாதே. தொங்குவது தொங்கட்டும் என்று அப்படியே தூக்கிக்கொண்டு போ. டாக்டர் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்.

கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். இதை ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம். முந்தாநாள் அப்படித்தான் எழுதினேன். கிழித்துவிட்டேன். நேற்று இரண்டு பக்கம் எழுதினேன். அதையும் கிழித்தேன். உன் கடிதத்தின் கடைசி வரிதான் காரணம். "வசந்தா ஆசைப்பட்டு வாங்கி வந்துவிட்டாள், ஆனால் என் கைக்கு நாய் வாழாது, உங்களுக்குத்தான் தெரியுமே" என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும் என்று எவ்வளவு நிச்சயமாக எழுதியிருக்கிறாய்.

வசந்தாவும் தனியாக எழுதியிருந்தாள். நீ குட்டியைத் தொடுவதில்லையாம். தட்டை வைத்தால் காலால் தள்ளித்தான் வைக்கிறாயாம். அதையாவது விட்டுவிடலாம். பிரசவம் ஆனதும் குழந்தையை முதலில் வேறு யாராவது தூக்கட்டும், என்னிடம் கொடுக்க வேண்டாம் என்றாயாம். விளையாட்டுக்குச் சொல்கிறீர்களா என்று கேட்டாளாம். நீ சட்டையை மாட்டிக்கொண்டு பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாயாம். "அத்தை, அவருக்கு என்ன ஆச்சுங்க?" என்று அந்தப் பெண் கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் எழுதுவது? அவருக்கு நான் ஆனேன் என்று எழுதுவதா?

அஸ்காவைப் பற்றி எழுத வேண்டும்.

உனக்கு அப்போது பத்து வயது. அப்பாவின் கம்பெனி வாட்ச்மேன் வளர்த்த நாய் குட்டி போட்டிருந்தது. நீ தினமும் பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாகச் சுற்றி வந்தாய். ஒரு வியாழக்கிழமை புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டாய். பையிலிருந்து எடுத்துத் தரையில் விட்டதும் அது உன் கணக்கு நோட்டின் மேலேயே ஒன்றுக்குப் போனது. அப்பா சிரித்தார். "என்னடா இது, அஸ்கா டப்பாவுக்குள்ள உளுந்து எந்திரிச்சாப்பல?" என்றார். சர்க்கரையின் பெயரே அதற்குப் பெயராகிவிட்டது. உடம்பெல்லாம் வெள்ளை. இடது காதில் மட்டும் எறும்பு மொய்த்தது போல் கொஞ்சம் கறுப்பு.

நான் சிரிக்கவில்லை. ஏன் என்று உன்னிடம் அன்று சொல்லவில்லை. சொன்னாலும் உனக்குப் புரிந்திருக்காது. நூல் சரியாக வராமல் அப்பாவின் கம்பெனியில் நிட்டிங் மிஷின்கள் வாரத்தில் பாதி நாள் நின்றிருந்த சமயம் அது. நான் வீட்டில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு நினைவிருக்கும். தைத்த பனியன்கள் மூட்டையாக வரும். கழுத்திலும் கையிலும் அடியிலும் தையல் முடிந்த இடத்தில் நூல் வால்போல் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்னக் கத்தரியால் ஒட்ட வெட்டி, மடித்து அடுக்க வேண்டும். சாயங்காலம் நீ பள்ளிக்கூடம் விட்டு வருமுன்பே கம்பெனி ஆள் சைக்கிளில் வந்து கட்டி எடுத்துப் போவார். அந்த வேலை கொடுக்கும்போதே மேஸ்திரி ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். நாய், பூனை, கோழி இருக்கிற வீட்டுக்கு பனியன் பீஸ் கிடையாது. வெள்ளைச் சரக்கு. ஒரு முடி ஒட்டியிருந்தால் மொத்தக் கட்டும் திரும்பி வந்துவிடும். நம் வீதியிலேயே ஒருத்திக்கு ஆட்டுக்குட்டியால் வேலை போயிருந்தது.

ஆனாலும் நான் ஒப்புக்கொண்டேன். நீ அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. குட்டியை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, "கொண்டுபோயி உட்டுட்டு வரட்டுங்களாம்மா?" என்றுதான் கேட்டாய். அந்த மரியாதைதான் என்னைத் தோற்கடித்தது. "சைக்கிள் வர்ற நேரத்துல சத்தம் வரக்கூடாது" என்றேன். அவ்வளவுதான் நான் போட்ட கண்டிஷன். சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது உன் வேலை இல்லை, என் வேலை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்நேரத்தில் நீ பள்ளிக்கூடத்தில் இருப்பாயே.

முதல் வாரமே அதற்கு வயிறு கெட்டது. தண்ணீராய்ப் போயிற்று. குட்டி ஒரு இடத்தில் உட்காராது. வீடெங்கும் கோலம் போட்டது. ஒரு பக்கம் வெள்ளைப் பனியன் அடுக்கு, இன்னொரு பக்கம் இது. நான் ஒரு கையில் சாணித்துணியும் ஒரு கையில் கத்தரியுமாக இருந்தேன். என்ன கொடுத்தாய் என்று கேட்டேன். உன் டம்ளர் பாலில் பாதியைத் தினமும் அதற்கு ஊற்றியதாக நீயே சொன்னாய். சந்தோஷமாகச் சொன்னாய். நல்லது செய்ததாக நினைத்திருந்தாய். தாயைவிட்டு வந்த குட்டிக்கு எருமைப்பால் செரிக்காது என்று எதிர்வீட்டு அக்கா சொன்னாள். பாலை நிறுத்தினோம். கஞ்சித் தெளிவு கொடுத்தோம். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. நீ எனக்கு சத்தியம் செய்து கொடுத்தாய், இனிமேல் பால் கொடுக்க மாட்டேன் என்று. என் உள்ளங்கையில் அடித்து. அந்த அடியின் ஈரம்கூட நினைவிருக்கிறது. உன் கை எப்போதும் வேர்க்கும்.

நீ கொடுக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். அந்த சத்தியத்துக்குப் பிறகு ஒரு சொட்டுப் பால்கூட நீ அதற்குக் கொடுக்கவில்லை. எனக்கு அது அப்போதே தெரியும்.

இரண்டாவது வாரம். சாயங்காலம் சைக்கிள் மணி கேட்கும். கேட்டதும் நான் அஸ்காவைத் தூக்கி உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்துவேன். சத்தம் போடாமல் இருக்க அதற்கு ஏதாவது விளையாடக் கிடைக்க வேண்டும். அந்த அறையில்தான் பிசிறு மூட்டை இருந்தது. வெட்டிய நூலையெல்லாம் அள்ளி ஒரு கோணிப்பையில் போட்டு வைப்பேன், மிஷின் துடைக்க வாங்கிப் போவார்கள். குட்டி அந்தப் பையின் வாயில் தலையை விட்டு இழுத்து விளையாடும். மூச்சுச் சத்தம்கூட வெளியே வராது. சைக்கிள்காரர் கட்டுகளை எண்ணி ஏற்றிக்கொண்டு போவார். நான் கதவைத் திறப்பேன். அது மீசை வைத்தது போல் வாயெல்லாம் நூலோடு வெளியே வரும். சிரிப்பு வரும் எனக்கு. துடைத்துவிடுவேன். நல்ல உபாயம் கண்டுபிடித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாறு நாள் இப்படி. பிறகு ஒரு காலையில் அது சாப்பிடவில்லை. முதுகை வில்லாக வளைத்து நின்றது. மஞ்சளாக வாந்தி எடுத்தது. உட்கார்ந்து முக்கும், ஒன்றும் வராது. எழுந்து இரண்டு அடி போய் மறுபடி முக்கும். நீ பக்கத்திலேயே குந்தியிருந்தாய். உன் டம்ளர் காலியாக இருந்தது. நான் அந்த டம்ளரைப் பார்த்தேன்.

"பால் ஊத்துனயா?"

"இல்லீங்கம்மா."

"நெசமாச் சொல்லு."

"சத்தியமா இல்லீங்கம்மா."

"அன்னிக்கும் இப்படித்தான போச்சு?"

அன்றைக்கு இப்படிப் போகவில்லை. அன்றைக்குத் தண்ணீராய்ப் போயிற்று. இன்றைக்கு ஒன்றுமே போகவில்லை. இரண்டும் வேறு என்று நானே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் கேட்டேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து படுக்கப் போனவர் எழுந்து வந்தார். "பொய் வேற சொல்றயா?" என்று முதுகில் இரண்டு வைத்தார். உன்னை அவர் அடித்தது அதற்கு முன்னால் இல்லை, பின்னாலும் இல்லை. நீ அழாமல் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். போகும்போது குட்டியின் தலையைத் தொட்டாய். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாய். என்னை இல்லை, அதை.

அன்று மதியம்.

எனக்கு முன்னால் அன்றைய மூட்டையில் பாதிக்கு மேல் வெட்டாமல் கிடந்தது. அப்பா திண்டில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அஸ்கா என் காலடியில் வந்து நின்று முக்கியது. அதன் வாலுக்கடியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. விரற்கடை நீளம். பனியன் தைக்கிற நூல். அந்த வெள்ளை இந்த ஊரில் எனக்குத் தெரியாத வெள்ளையா? பார்த்த கணமே முழுவதும் தெரிந்துவிட்டது. கதவு. மூட்டை. மீசை. காலையில் நீ சொன்ன இல்லீங்கம்மா.

இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். நூலை இழுக்காதே, வெட்டு. பின்னல் துணியில் நீட்டியிருக்கிற நூலை இழுத்தால் அந்த இழை மட்டும் வராது. துணி முழுவதும் அதன் மேல் சுருங்கி ஏறும். பிறகு கண்ணி விட்டுப் போகும். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். புதிதாக வருகிற பெண்கள் இழுத்தால் கையில் அடித்திருக்கிறேன்.

நான் இழுத்தேன்.

ஏன் என்று பதினைந்து வருஷமாக யோசிக்கிறேன். கத்தரி என் வலது கையிலேயே இருந்தது. இடது கையால் பிடித்து இழுத்தேன். அதை இல்லாமல் ஆக்கிவிட வேண்டும் என்று இருந்தது. அப்பா எழுவதற்குள், நீ வருவதற்குள், சைக்கிள் வருவதற்குள். ஒரு சாண் வந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. குட்டி கத்திய கத்தலை நீ கேட்கவில்லை. கேட்காதது நல்லது. நான் விட்டேன். பிறகு மறுபடி ஒரு தடவை இழுத்தேன். இரண்டாவது தடவையைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நேற்று எழுதிய இரண்டு பக்கத்தில் விட்டிருந்தேன். அதனால்தான் அதைக் கிழித்தேன்.

அப்புறம்தான் கத்தரியால் வெட்டினேன். கழிவுப் பனியன் ஒன்றில் குட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடித்தான். அப்பாவை எழுப்பவில்லை.

வரிசை பெரிது. காங்கேயம் காளை ஒன்று கொம்பை ஆட்டிக்கொண்டு நின்றது. இரண்டு எருமை. ஒரு கன்று. எல்லாருடைய கையிலும் கயிறு, என் கையில் ஒரு பனியன் பொட்டணம். ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மிணி, இதுக்கு மூக்கணாங்கயிறு போடோணுங்களா?" என்றார். சிரித்தார்கள். எனக்கு முன்னால் எருமையோடு நின்றவரும் சிரித்துக்கொண்டே திரும்பினார். எங்கள் கம்பெனி மேஸ்திரி.

"அட, நீங்களா? நாயி வளக்குறீங்களா அம்மிணி?"

"எங்குளுது இல்லீங்க" என்றேன். "பக்கத்து ஊட்டுதுங்க. அவுங்க ஊட்டுல ஆளில்லீங்க. பாவமேன்னு தூக்கிட்டு வந்தனுங்க."

அவர் குட்டியைப் பார்க்கவில்லை. குட்டியைச் சுற்றியிருந்த பனியனைப் பார்த்தார். அதில் அவர் கம்பெனி முத்திரை இருந்தது. "கழிவுங்க" என்றேன். அவர் கேட்காததற்கு பதில். "ம்" என்றார். பிறகு தன் முறையைக்கூட எனக்கு விட்டுக்கொடுத்தார். "நீங்க முன்னால போங்க, சின்ன உசுரு." நல்ல மனிதர். எனக்குப் பின்னால் இரண்டடியில் எருமைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும் தூரம்.

டாக்டருக்கு வயது அதிகம் இல்லை. சட்டையில் மாட்டுச் சாணி. குட்டியின் வயிற்றை இரண்டு விரலால் அமுக்கினார். அது கத்தவில்லை, அதற்குள் கத்துவதை விட்டிருந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"என்ன தின்னுச்சு? எலும்பு கிலும்பு? கயிறு, நூலு, துணி, இப்படி ஏதாச்சும் முழுங்குச்சுங்களா?"

கேட்டார். சரியாக அதைக் கேட்டார். கண்ணு, அவர் கேட்காமல் இருந்திருந்தால்கூட நான் என்னைக் கொஞ்சம் மன்னித்திருப்பேன்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றேன். "பாலு குடிச்சுதுங்க. யாரோ ஒரு பையன் பால ஊத்திட்டானாமுங்க."

யாரோ ஒரு பையன்.

"நல்லாத் தெரியுங்களா?" என்றார். தலையாட்டினேன். அவர் பாலுக்கு உண்டான மருந்து கொடுத்தார். வெள்ளைப் பொடி, ஒரு காகிதத்தில் மடித்து. நான் வெளியே வந்தேன். மேஸ்திரி, "போனதும் கையக் கழுவிப்போட்டு சரக்கத் தொடுங்க" என்றார். கழுவிவிட்டுத்தான் தொட்டேன்.

நீ நாலரை மணிக்கு வந்தாய். பையை இறக்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாய். மடியில் எடுத்து வைத்துக்கொண்டாய். அதன் மூச்சு வயிற்றில் இல்லாமல் தொண்டையில் நடந்துகொண்டிருந்தது. நான் உனக்கு எதிரில் பனியன்களுக்கு நடுவில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்காமல் கேட்டாய், டாக்டர் என்ன சொன்னார் என்று.

"பாலுதானாம்" என்றேன்.

நீ அதன் கறுப்புக் காதைத் தடவினாய். பிறகு, "நான் ஊத்தலீங்கம்மா" என்றாய். காலையில் சொன்னதுபோல் இல்லை. காலையில் அது பதில். இப்போது நீ என்னிடம் கேட்கிறாய். நான் ஊற்றவில்லைதானே என்று கேட்கிறாய். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"ஊத்தியிருப்பே" என்றேன். "நல்லா யோசிச்சுப் பாரு."

நீ யோசித்தாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புருவம் சுருங்கியது. உன் கண் அந்த வாரம் முழுவதையும் ஒவ்வொரு நாளாகத் திருப்பித் திருப்பித் தேடியது. பத்து வயதுப் பிள்ளை, அம்மா சொல்லிவிட்டாள், டாக்டர் சொல்லிவிட்டார், அப்பா அடித்துவிட்டார். எங்கேயாவது இருந்தாக வேண்டும் இல்லையா? நீ கண்டுபிடித்தாய்.

"ஒரு மடக்குங்கம்மா" என்றாய். "நேத்து டம்ளர் அடியில கொஞ்சூண்டு இருந்துச்சு. நக்குச்சோ என்னமோ. ஒரே ஒரு மடக்குத்தாங்க."

அப்பா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "சரி உடு, இனியாச்சும் பொய் சொல்லாத" என்றார், கோபமில்லாமல். உன் முதுகைத் தடவினார். உண்மை சொன்னதற்காக.

வெயில் சுவரிலிருந்து இறங்கும் முன் அது போய்விட்டது. உன் மடியிலேயே. நீ கையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாய். அதன் வாயில் கையை வைத்திருந்தாய், ஈரமாக இருந்தது. அந்தப் பார்வையைத்தான் நீ இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அங்கே உன் மடத்துக்குளம் வீட்டில், தட்டைக் காலால் தள்ளிவிட்டு.

ஒரு மாதம் கழித்து நான் அந்த டாக்டரிடம் தனியாகப் போனேன். இது உனக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. மத்தியானம், மாடுகள் இல்லாத நேரம். அவர் தூக்குப்போசியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. பனியனில் சுற்றிக்கொண்டு வந்தேனே என்றதும் தெரிந்தது. "பாலு குடிச்ச குட்டிதானுங்க?" என்றார். "பால் இல்லீங்க, நூலுங்க" என்றேன். இழுத்ததையும் சொன்னேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை, சாப்பிடவும் இல்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தாப் பொழச்சிருக்குங்களா?" என்று கேட்டேன்.

"பொழச்சிருக்கும்னு சொல்ல மாட்டேனுங்க. நூலோட ஒரு முனை உள்ள எங்கியோ சிக்கியிருக்கும். இழுத்தா குடல் அதும்மேல சுருங்கி ஏறும், அறுபடும். நீங்க இழுக்குமுன்னயே அறுபட்டும் இருக்கலாம். தெரியாதுங்க." தூக்குப்போசியைத் தள்ளி வைத்தார். "ஆனா வயித்தத் திறந்து பாத்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. அந்தப் பையன் யார் என்று கேட்டார். என் பையன் என்றேன். "அவங்கிட்டச் சொல்லீட்டீங்களா?" என்றார். சொல்லிவிடுவேன் என்றேன். அவரிடம் சொன்ன மூன்றாவது பொய் அது.

சொல்லியிருக்க எத்தனையோ நாள் இருந்தது. நீ எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கண்ணாடி ஜன்னல் உடைந்ததே, வாத்தியார் உன் வகுப்பை நிறுத்தி வைத்து, யோசித்துச் சொல்லுங்கள் யார் என்று கேட்டாராம், நீ எழுந்து நின்றாயாம். மறுநாள் வேறு ஒரு பையனின் அப்பா வந்து என் மகன்தான் உடைத்தான் என்று ஒப்புக்கொண்டு போனார். வாத்தியார் என்னைக் கூப்பிட்டனுப்பிக் கேட்டார், உங்கள் பையன் ஏனுங்க செய்யாததைச் செய்தேன் என்கிறான் என்று. நண்பனைக் காப்பாற்றத்தான் இருக்கும் என்றேன். அவர் உன்னைப் பாராட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் உன்னிடம் ஏன் என்று கேட்டேன். "நான் உடைச்சிருக்கலாமுங்களே" என்றாய். நடு ரோடு. ஒரு வண்டி போயிற்று. அப்போது சொல்லியிருக்க வேண்டும். வண்டி போகட்டும் என்று நின்றேன். போனதும் நாம் நடந்தோம்.

உனக்குக் குழந்தை பிறந்து வளரும். அது கோப்பையை உடைக்கும், பொய் சொல்லும், நாய்க்குப் பால் ஊற்றும். கேள், திட்டு, வேண்டுமானால் ஒரு அடி வை. ஆனால் இல்லை என்று சொன்ன குழந்தையிடம் யோசித்துப் பார் என்று மட்டும் சொல்லாதே. யோசித்தால் அதற்குக் கிடைத்துவிடும். வேறு புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை. இதற்கு மட்டும் இருக்கிறது.

உன் கை என்ன கை என்று எனக்குத் தெரியும். அது வேர்க்கும் கை. தாயை விட்டு வந்த குட்டிக்குத் தன் பாலில் பாதியை ஊற்றிய கை. அது தவறு, ஆனால் சொன்னதும் அந்தத் தவறை நீ விட்டுவிட்டாய், மூன்று நாளில் குட்டிக்குச் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் உன் கையில் நடக்கவில்லை. கதவைச் சாத்தியது நான். இழுத்தது நான். இல்லை என்றது நான். வேலை போய்விடும் என்ற பயம் உண்மைதான், அந்த மாதங்களில் என் வேலைதான் நம் அடுப்பு. ஆனால் மேஸ்திரி அன்று வரிசையில் இல்லாவிட்டால் நான் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லியிருப்பேன் என்று உறுதியாக எழுத முடியவில்லை. நீ எதிரில் உட்கார்ந்து கேட்டபோது மேஸ்திரி இல்லையே. நீயும் நானும் குட்டியும்தான் இருந்தோம்.

என்னை மன்னிப்பதைப் பற்றி நீ இப்போது எழுத வேண்டாம். கோபம் வந்தால் வரட்டும். பதினைந்து வருஷம் உன் மேல் இருந்தது என் பக்கம் திரும்பி வர வேண்டியதுதான். ஆனால் கடிதத்தைக் கீழே வைத்ததும் முதலில் போய் அந்தக் குட்டியைத் தூக்கு. வலது கையை நெஞ்சுக்கடியில் கொடு, இடது கையைப் பின்னங்காலுக்கடியில். அது நடுங்கும். நீயும் நடுங்குவாய். பரவாயில்லை. ஈறைப் பார்த்து, இளஞ்சிவப்பா வெளுப்பா என்று வசந்தாவிடம் சொல். தண்ணீரை நீயே கொடு. முதல் தடவை கரண்டி வேண்டாம், விரலில் தொட்டு வை, நக்கும்.

கடிதத்தை எழுதி முடித்தபோது மணி மூன்று. ஒட்டவில்லை. அவன் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, இதைப் படியுங்கள் என்றேன். அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். முடித்ததும் தன் வலது கையைப் பார்த்தார். உறையை அவரே ஒட்டினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தேன்.